பதினொருவரும் அவர்தம் நிலைகளும்

சிற்றூர்ப் பள்ளித் திடல்களில் மாலை வேளையில் இளஞ்சிறுவர் கால்பந்து ஆடுதலைக் காணாதார் இலர். பந்து செல்லும் திசை நோக்கி அனைவரும் ஓடுவர். பந்து வலப்புறம் உருண்டால் இருபது பேரும் வலப்புறம். இடப்புறம் உருண்டால் இருபது பேரும் இடப்புறம். பூவை மொய்க்கும் வண்டினம் போலப் பந்தைச் சூழ்ந்து கால்களும் முழங்கால்களும் மோத, பந்து எவர் கண்ணுக்கும் புலப்படாது மறையும். கோல் கம்பங்களுக்கிடையே நிறுத்தப்பட்ட சிறுவனும் ஆவல் மேலிட்டுத் தன் இடம் விட்டு ஓடிவந்து அக்கூட்டத்துள் புகுவான். அந்நேரம் பார்த்துப் பந்து எவ்வாறோ வெளிப்பட்டு, மெல்ல உருண்டு, காப்பார் இல்லாத கம்பங்களுக்கிடையே நுழைந்துவிடும். "நீ ஏன் அங்கே நிற்கவில்லை?" என்று ஒருவரையொருவர் கடிந்துகொள்ளும் ஓசை அதன்பின் எழும்.

கேட்போர் சிறுவரே எனினும், அக்கேள்வி கால்பந்து ஆட்டத்தின் உயிர்நிலையைத் தொடுகின்றது. ஓர் ஆட்டம் தொண்ணூறு நிமிடம் நடைபெறும். ஆடுவோர் இரு பக்கமும் சேர்ந்து இருபத்திருவர். ஆடும் பந்தோ ஒன்று. அத்தொண்ணூறு நிமிடத்தை இருபத்திருவருக்கும் சமமாகப் பங்கிட்டால், ஒருவர் பங்கு நான்கு நிமிடத்திற்குச் சற்றே மிகும். பந்து எல்லைக்கு வெளியே கிடக்கும் நேரத்தையும், ஒருவர் காலிலிருந்து மற்றொருவர் காலுக்குச் செல்லும் நேரத்தையும் கழித்தால் அதுவும் குறைந்துவிடும். எவ்வளவு வல்ல ஆட்டக்காரராயினும் எஞ்சிய எண்பத்தாறு நிமிடமும் பந்தின்றியே களத்தில் இருத்தல் வேண்டும். அந்நேரத்தில் அவர் எங்கே நிற்கின்றார், எவரைக் கண்காணிக்கின்றார், எவருக்கு வழிவிடுகின்றார் என்பவற்றைக் கொண்டே அவர் தம் நிலைக்குரிய கடமையை அறிந்தவரா அல்லரா என்பது விளங்கும். பந்தை அழகுற உதைக்கக் கற்றுக்கொள்வது ஒப்புநோக்க எளிது. நிற்கக் கற்றுக்கொள்வதே அரிது.

நாடுகளுக்கிடையே நிகழும் போட்டிகளில் ஆடுகளத்தின் நீளம் 100 முதல் 110 மீட்டர் வரையும், அகலம் 64 முதல் 75 மீட்டர் வரையும் இருக்கும். இத்துணைப் பெரிய பரப்பைப் பதினொருவர் காத்தல் வேண்டும். அதே பதினொருவர் எதிரியின் எல்லைக்குள் புகுந்து கோல் அடித்தலும் வேண்டும். ஆதலின் அவர்கள் வரிசை வரிசையாகப் பிரிந்து நிற்கின்றனர். இலக்கின் முன் நிற்பவர் கோல் காவலர். அவருக்கு முன் நிற்போர் பின்களத்தார். இடையே நிற்போர் நடுக்களத்தார். எதிரியை நோக்கி முந்தி நிற்போர் முன்களத்தார். ஆடுவோர் பேச்சில் இவர்கள் முறையே கோல் கீப்பர், பேக், ஹாஃப், ஃபார்வர்டு என வழங்குவர். பண்டைத் தமிழரின் போரியலிலும் முன்னணிப் படையைத் தார் என்றும், பின்னணிப் படையைக் கூழை என்றும் பிரித்துப் பெயரிட்டனர். பெயர்கள் வேறாயினும், முன் நிற்போனுக்கு ஒரு கடனும் பின் நிற்போனுக்கு வேறொரு கடனும் உண்டு என்னும் கருத்து இரண்டிற்கும் பொதுவே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் உருவாகி நெடுங்காலம் வழங்கிய வகுப்பில் பின்களத்தார் இருவர், நடுக்களத்தார் மூவர், முன்களத்தார் ஐவர். இங்கிலாந்து லீக் போட்டிகளில் 1939ஆம் ஆண்டு முதல் சட்டையில் எண் பொறித்தல் கட்டாயமாயிற்று. கோல் காவலரிலிருந்து தொடங்கி முன்னோக்கி எண்ணியதால் காவலருக்கு 1, வலப் பின்களத்தாருக்கு 2, நடு முன்களத்தாருக்கு 9, இடவோர முன்களத்தாருக்கு 11 என்று அமைந்தன. அவ்வகுப்பு மறைந்து பல்லாண்டு ஆகியும், கோல் அடிக்கும் கடமையுடையவரை இன்றும் "ஒன்பதாம் எண்" என்றே உலகெங்கும் சொல்லுகின்றனர். 

கோல் காவலரின் நிலை ஏனைய பத்து நிலைகளினின்றும் வேறுபட்டது. களத்தில் பந்தைக் கையால் பற்றும் உரிமை அவர் ஒருவருக்கே உண்டு. அவ்வுரிமையும் இலக்கைச் சுற்றிய தண்டனைப் பகுதிக்குள் மட்டுமே செல்லும். 1912ஆம் ஆண்டுக்கு முன் தம் பக்கத்துக் களப்பாதி முழுவதும் கையைப் பயன்படுத்தலாம் என்றிருந்தது. அவ்வாண்டில் உரிமை சுருங்கிற்று. தம் அணியினர் வேண்டுமென்றே காலால் உதைத்துத் தரும் பந்தைக் கையால் எடுத்தலும் 1992இல் தடுக்கப்பட்டது. அதன்பின் கோல் காவலரும் காலால் பந்தை ஆளக் கற்றல் இன்றியமையாததாயிற்று.

அவர் காக்கும் இலக்கு 24 அடி அகலமும் 8 அடி உயரமும் உடையது. கை இரண்டையும் அகல விரித்து நின்றாலும் ஒருவர் உடல் அதில் நான்கில் ஒரு பங்கையே அடைக்கும். ஆயினும் தேர்ந்த காவலர் கோட்டின்மேல் நின்று காத்திருப்பதில்லை. பந்தை உடையவன் நெருங்கி வரும்பொழுது தாமும் சில அடி முன்னே செல்வார். அவர் முன்செல்லுந்தோறும் எதிரியின் கண்ணுக்கு இலக்கின் திறந்த பகுதி சுருங்கும். விளக்கின் அருகே கையை வைத்தால் சுவரில் நிழல் பெரிதாகின்றதன்றோ? அதுபோன்றதே இதுவும். மிக முன்சென்றுவிட்டாலோ, தலைக்கு மேலே பந்தைத் தூக்கி அனுப்பிவிடுவான் எதிரி. எத்தனை அடி செல்வது, எப்பொழுது செல்வது என்பதை ஒரு நொடிக்குள் அளந்தறிதல் வேண்டும். அன்றியும், களம் முழுவதையும் நேர்முகமாகக் காண்பவர் அவரே. பின்னால் வருபவனைக் காணாத பின்களத்தாருக்குக் கூவி உணர்த்துதலும் அவர் கடமை. வாய்பேசாத கோல் காவலர் பாதிக் காவலரே.

முன்களத்தார் பத்து முறை குறி தவறினும் பதினோராம் முறை கோல் அடித்தால் ஊர் கொண்டாடும். கோல் காவலர் பத்து முறை காத்துப் பதினோராம் முறை தவறினால் அத்தவறு ஒன்றே நினைவில் நிற்கும். இதற்குச் சான்றாக நிற்பது மொவாசிர் பார்போசாவின் வாழ்வு. 1950ஆம் ஆண்டு சூலை 16ஆம் நாள் பிரேசில் நாட்டு ரியோ நகரின் மரக்கானா அரங்கில், ஏறத்தாழ இரண்டு லட்சம் மக்கள் முன்னிலையில், உலகக் கோப்பையின் முடிவை உறுதி செய்யும் ஆட்டம் நடந்தது. எதிரி உருகுவே. ஆட்டம் சமநிலையில் முடிந்தாலே கோப்பை பிரேசிலுக்கு உரியதாகும். பிரேசில் முதலில் ஒரு கோல் அடித்தது. 66ஆம் நிமிடத்தில், உருகுவேயின் வலவோர ஆட்டக்காரர் கிச்சியா விரைந்து சென்று பந்தை இலக்கின் முன்னே அனுப்ப, சியாபினோ அதனைக் கோலாக்கினார். 79ஆம் நிமிடத்தில் அதே கிச்சியா அதே வழியில் மீண்டும் வந்தார். முன்போலவே பந்தை நடுவே அனுப்புவார் என்று எண்ணிய பார்போசா ஓரடி நகர்ந்தார். கிச்சியாவோ காவலருக்கும் அருகிலிருந்த கம்பத்திற்கும் இடைப்பட்ட சிறு இடைவெளியில் பந்தை உதைத்துவிட்டார். உருகுவே 2–1 என வென்றது.

பார்போசா அக்காலத்துச் சிறந்த காவலருள் ஒருவர். அவ்வொரு கோலுக்காக நாடு அவரை 2000ஆம் ஆண்டில் அவர் இறக்கும் வரையில் மன்னிக்கவில்லை. தம் நாட்டில் குற்றவாளிக்கு விதிக்கப்படும் மிக நீண்ட தண்டனை முப்பதாண்டே, தமக்கோ ஐம்பதாண்டு என்னும் கருத்துப்பட அவர் முதுமையில் வருந்தியதாகக் கூறுவர். ஆனால், அந்தக் கோலை நடுவுநிலையுடன் நோக்குவோர் வேறொன்றையும் காண்பர். கிச்சியாவை எதிர்கொண்ட இடப் பின்களத்தார் பிகோடே ஓட்டத்தில் பிந்திவிட்டார். ஓரத்தில் நிற்பவர் பிந்தினால் நடுவில் நிற்பவர் குறுக்கே வந்து அடைத்தல் வேண்டும். அவரும் உரிய நேரத்தில் வந்து சேரவில்லை. முதற்கோலும் அதே வழியில் வந்ததாயிருந்தும் அவ்வழி அடைக்கப்படவில்லை. முன்னே நின்ற வரிசைகள் விட்டுவிட்ட பிழைகளெல்லாம் ஒன்றுசேர்ந்து இறுதியாக வந்தடையும் இடம் கோல் காவலரின் இடமாக இருந்தமையால், பழி முழுவதும் அவர்மேல் விழுந்தது. பிரேசில் மக்கள் இவ்வகையில் நேர்மையாக நடந்தனர் என்று கூறுதல் இயலாது.

இனிப் பின்களத்தாரைக் காண்போம். இவருள் நடுவில் நிற்போரும் ஓரங்களில் நிற்போரும் என இரு வகையினர் உளர். நடுவில் நிற்போர் உயர்ந்து வரும் பந்தைத் தலையால் முட்டி விலக்குதல், எதிரியின் காலிலிருந்து பந்தைப் பறித்தல், இலக்கை நோக்கி வரும் உதையை உடலால் தடுத்தல் ஆகியவற்றில் வல்லவராதல் வேண்டும். நடுவில் இருவர் நிற்பின், இருவரும் ஒரே நேரத்தில் பந்தின்மேல் பாய்தல் கூடாது. ஒருவர் முன்சென்று தடுத்தால் மற்றவர் சற்றுப் பின்வாங்கி, அவர் தோற்றால் தாம் எதிர்கொள்ளும் வகையில் நிற்பார். முன்சென்றவர் பந்தைப் பறித்துவிட்டால் பின்வாங்கியவர் ஒன்றுமே செய்யாதவர் போலத் தோன்றுவார். உண்மையில், அவர் பின்னே நிற்கின்றார் என்னும் துணிவே முன்சென்றவரின் வலிமை. படை உடைந்து ஓடும்பொழுது பின்னே தனித்து நின்று பகையைத் தாங்கும் மறவனை "எருமை மறம்" என்று ஒரு துறை வகுத்து இலக்கண நூலார் போற்றினர். பின்களத்தாரின் ஆட்டத்திற்கு அத்துறைப் பெயர் நன்கு பொருந்தும்.

பின்களத்தாரின் நிலையைப் பெரிதும் மாற்றியது ஆஃப்சைடு விதி. பந்துக்கு முன்னே எதிரியின் களப்பாதியில் நிற்கும் ஒருவருக்குத் தம் அணியினர் பந்தை உதைக்கும் நொடியில், அவருக்கும் எதிரியின் இலக்குக் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் குறிப்பிட்ட எண்ணிக்கையில் இருத்தல் வேண்டும். அவ்வெண்ணிக்கை முன்பு மூன்று. 1925இல் இரண்டாகக் குறைக்கப்பட்டது. உடனே முன்களத்தாரின் கை ஓங்கிற்று, கோல்கள் பெருகின. இருவரைக் கொண்டு பின்களத்தைக் காத்தல் இயலாதென்று கண்ட இங்கிலாந்து நாட்டு அணிகள், நடுக்களத்தின் நடுவில் நின்றவரைப் பின்னுக்கு இழுத்து மூன்றாம் பின்களத்தாராக்கின. அர்சனல் அணியின் மேலாளராயிருந்த எர்பர்ட் சாப்மன் இம்முறையைத் திறம்பட வளர்த்தார். ஒரு விதியில் ஓர் எண் குறைந்ததால் ஒருவரின் நிலையே மாறியமை நோக்கத்தக்கது. இன்றும் பின்களத்தார் ஒரே கோட்டில் முன்னும் பின்னும் நகர்வர். நால்வருள் மூவர் முன்னேறி ஒருவர் மட்டும் பின்தங்கிவிட்டால், அவ்வொருவர் நிற்கும் இடமே எதிரிக்கு எல்லையாகும்; மூவர் முயற்சியும் வீணாகும்.

ஓரங்களில் நிற்கும் பின்களத்தார் எதிரியின் ஓர ஆட்டக்காரரைத் தடுத்தாற் போதும் என்பது பழைய கொள்கை. 1958ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் ஆஸ்திரியாவுக்கு எதிராகப் பிரேசிலின் இடப் பின்களத்தார் நில்டன் சாண்டோஸ் தம் இடத்திலிருந்து களத்தின் நீளம் முழுவதும் முன்னேறிச் சென்று கோல் அடித்தபொழுது, கண்டோர் வியந்தனர். இன்று அது வியப்பன்று. தாக்குங்கால் முன்செல்லுதலும், தாக்குதல் முறிந்தால் முதலில் ஓடித் திரும்புதலும் அவர்க்கு விதிக்கப்பட்ட கடன். களத்தில் மிகுதியாக ஓட வேண்டியவருள் அவரும் ஒருவர்.

நடுக்களத்தாரின் கடமையைச் சொல்லில் அடக்குதல் கடினம். முன்வரிசையையும் பின்வரிசையையும் இணைக்கும் பாலம் அவர்கள். பந்தைப் பறித்தல் ஒன்று. பறித்த பந்தை உரியவரிடம் சேர்த்தல் மற்றொன்று. இவ்விரண்டையும் ஒருவரே செய்தல் அரிது. 1958இல் கோப்பை வென்ற பிரேசில் அணியில் நடுக்களத்தார் இருவரே. சிட்டோ காத்தலை மேற்கொண்டார். டிடி பந்தை எங்கே அனுப்புவதென்று ஆய்ந்து அனுப்பினார். காத்தலைச் செய்பவரின் பெயர் நாளிதழ்த் தலைப்பில் வருவது குறைவு. பிரான்சு நாட்டுக் குளோட் மக்கெலேலே என்பார் ரியல் மாட்ரிட் அணியில் இக்கடமையை ஆற்றினார். கோல் அடிப்பதில் அவருக்குப் பெயரில்லை. பறித்த பந்தைப் பக்கத்தில் நிற்பவரிடம் கொடுத்துவிட்டு மீண்டும் தம் இடத்தில் நின்றுகொள்வார். 2003இல் அவர் செல்சீ அணிக்குச் சென்றார். அதே கோடையில் ரியல் மாட்ரிட் புகழ்பெற்ற பெக்கமைச் சேர்த்துக்கொண்டது. புகழாளர் பலர் கூடியிருந்தும், தன் நாட்டு லீக் வெற்றியை அவ்வணி மீண்டும் பெற்றது 2007இல்தான். அதற்கு வேறு காரணங்களும் உண்டு எனினும், மக்கெலேலே விட்டுச்சென்ற இடத்தின் அருமை அந்நான்காண்டில் பலருக்கும் புலனாயிற்று. பின்களத்தார்க்கு முன்னே நின்று காக்கும் அந்நிலையை அவர் பெயராலேயே வழங்கும் வழக்கமும் எழுந்தது.

ஒருவர் தம் நிலையைச் சற்றே மாற்றிக்கொண்டால் எதிரணியினரின் கடமைகள் எவ்வாறு குழம்பும் என்பதற்கு 1953ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் இலண்டன் வெம்பிளி அரங்கில் நடந்த ஆட்டம் காட்டாகும். இங்கிலாந்து அணி தன் மண்ணில் ஐரோப்பியக் கண்டத்து அணி எதனிடமும் அதுகாறும் தோற்றதில்லை. அங்கேரி அணியில் ஒன்பதாம் எண்ணுடைய நடு முன்களத்தார் இதெக்குட்டி. அவரைக் காத்தல் இங்கிலாந்தின் நடுப் பின்களத்தார் ஜான்ஸ்டனின் பொறுப்பு. இதெக்குட்டியோ முன்னே நில்லாமல் நடுக்களத்துக்குப் பின்வாங்கி நின்றார். ஜான்ஸ்டன் அவரைத் தொடர்ந்து சென்றால் இலக்கின் முன்னே பெரும் வெளி உண்டாகும். அவ்வெளியில் புஷ்காசும் கோச்சிசும் புகுவர். தொடராது நின்றால் இதெக்குட்டி தடுப்பாரின்றிப் பந்தை ஆளுவார். இரண்டும் தீதாய் முடிய, அங்கேரி 6–3 என வென்றது. இதெக்குட்டி மட்டும் மூன்று கோல் அடித்தார். ஜான்ஸ்டன் திறமையற்றவர் அல்லர். எவன் எங்கே நிற்பான் என்று கற்றிருந்தாரோ அவன் அங்கே இல்லாதபொழுது என் செய்வது என்பதை அவருக்கு எவரும் கற்பித்திலர்.

முன்களத்தாருள் ஓரங்களில் ஆடுவோர் விரைவும் பந்தைத் தட்டிச் செல்லும் திறனும் உடையராதல் வேண்டும். களத்தின் எல்லைக்கோட்டை ஒட்டி அவர் நிற்கும்பொழுதே எதிரியின் பின்களத்தார் அகல விரிந்து நிற்க நேரும். நடுவில் இடைவெளி பிறக்கும். நடு முன்களத்தாரின் தொழில் கோல் அடித்தல் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆயினும் அவர் தொண்ணூறு நிமிடத்தில் இலக்கை நோக்கி உதைப்பது நான்கைந்து முறையே இருக்கும். எஞ்சிய நேரமெல்லாம் எதிரியின் பின்களத்தாரைத் தம்பால் ஈர்த்துக்கொண்டு, பிறர்க்கு வெளி உண்டாக்குதலே அவர் பணி.

இதனை விளக்க 1970ஆம் ஆண்டு சூன் 21ஆம் நாள் மெக்சிகோ நகரில் நடந்த உலகக் கோப்பை இறுதியாட்டத்தின் கடைசிக் கோலைக் கூறலாம். பிரேசிலின் வலவோர ஆட்டக்காரர் ஜயிர்சின்யோ தம் இடத்தைவிட்டு இடப்பக்கம் சென்றார். அவரைக் காக்கும் பொறுப்புடைய இத்தாலியின் பாக்கெத்தியும் உடன் சென்றார். களத்தின் வலப்பக்கம் வெறுமையாயிற்று. குளோடோல்டோ இத்தாலியர் நால்வரைத் தாண்டிப் பந்தைக் கடத்த, அது ரிவலினோவிடமிருந்து ஜயிர்சின்யோவிடமும், அவரிடமிருந்து பெலேயிடமும் வந்தது. பெலே தம் வலப்பக்கம் திரும்பியும் நோக்காமல், ஆளில்லா வெளியில் பந்தை மெல்லத் தள்ளினார். பின்களத்திலிருந்து ஓடிவந்த அணித்தலைவர் கார்லோஸ் ஆல்பர்ட்டோ அதனை ஓங்கி உதைத்துக் கோலாக்கினார். சிறுவனும் தன் இடத்தை விடுகின்றான். ஜயிர்சின்யோவும் தம் இடத்தை விட்டார். தாம் விட்ட இடத்தில் வருபவர் இன்னார் என்பதை அவர் அறிந்திருந்தார் என்பதே வேறுபாடு.

இந்திய நாட்டுக் கால்பந்து வரலாற்றில் நிலைமாற்றம் ஒன்று பெருவெற்றி தந்ததுண்டு. 1962ஆம் ஆண்டு இந்தோனேசியாவின் சகார்த்தா நகரில் நான்காம் ஆசிய விளையாட்டுப் போட்டி நிகழ்ந்தது. இந்திய அணியின் பயிற்சியாளர் ஐதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரகீம். அதற்கு முன் பள்ளி ஆசிரியராகப் பணிபுரிந்தவர். அணித்தலைவர் சுனி கோஸ்வாமி. வலவோரத்தில் பி. கே. பானர்ஜி, முன்களத்தில் துளசிதாஸ் பலராம் ஆகிய வல்லவர்கள் இருந்தனர். நடுப் பின்களத்தார் பஞ்சாபைச் சேர்ந்த ஜர்னைல் சிங். எதிரிகள் அஞ்சும் உடல்வலிமையும் உள்ளத்துணிவும் வாய்ந்தவர்.

கோல் காவலர் பீட்டர் தங்கராஜ் ஐதராபாத்தில் பிறந்தவர். நீலகிரி வெலிங்டனில் அமைந்த மதராஸ் படைப்பிரிவு மையத்தின் அணியில் ஆடிப் புகழ்பெற்றவர். அவ்வணி 1955இலும் 1958இலும் டூரண்டு கோப்பையை வென்றது. தொடக்கத்தில் நடு முன்களத்தாராக ஆடிய அவர், பின்னரே கோல் காவலரானார். கோல் அடிக்க வருபவனின் எண்ணத்தை அறிய அப்பழக்கம் அவருக்குத் துணைசெய்திருக்கும் எனக் கருத இடமுண்டு.

முதல் ஆட்டத்தில் இந்தியா தென்கொரியாவிடம் 0–2 எனத் தோற்றது. அடுத்துத் தாய்லாந்தை 4–1 என வென்றது. ஆனால் அவ்வாட்டத்தில் ஜர்னைல் சிங்கின் தலையில் பலத்த காயம் உண்டாகித் தையலிட நேர்ந்தது. ஜப்பானை 2–0 என வென்ற ஆட்டத்தில் அவர் இல்லை. அரையிறுதி நெருங்கிற்று. எதிரி தென்வியட்நாம். தங்கராஜும் காய்ச்சலால் ஆட இயலாதிருந்தமையால் கோல் காவலராகப் பிரத்யுத் பர்மன் இறங்கினார்.

இந்நிலையில் ரகீம் செய்த முடிவு துணிவு மிக்கது. தலையில் கட்டுடன் இருக்கும் ஒருவரைப் பின்களத்தில் நிறுத்தினால், எதிரி அனுப்பும் உயர்ந்த பந்துகளையெல்லாம் அவர் விலக்கியே ஆதல் வேண்டும். ஒரு முறை தயங்கினாலும் கோல் விழும். முன்களத்திலோ எந்தப் பந்தை எதிர்கொள்வது, எதனை விடுவது என்று தெரிந்தெடுக்கும் உரிமை சிறிது உண்டு. ஒரு வாய்ப்புத் தவறினால் மற்றொன்றுக்குக் காத்திருக்கலாம். ஜர்னைல் சிங் மாணவப் பருவத்தில் முன்களத்தில் ஆடியவர் என்பதையும் ரகீம் அறிவார். ஆதலின் அவரை நடு முன்களத்தாராக நிறுத்தினார். அருண் கோஷ் முதலிய பின்களத்தார் அவரின்றியே இலக்கின் முன்னரணைத் தாங்கினர். தென்வியட்நாமை இந்தியா 3–2 என வென்றது. கோஸ்வாமி இரண்டு கோலும், ஜர்னைல் சிங் ஒரு கோலும் அடித்தனர்.

செப்டம்பர் 4ஆம் நாள் செனாயன் அரங்கில் இறுதியாட்டம். எதிரி, முதல்நாள் வென்ற அதே தென்கொரியா. இந்தோனேசிய அரசு சில நாட்டவர்க்கு நுழைவு மறுத்ததை இந்திய விளையாட்டுத் தலைவர் ஒருவர் எதிர்த்துப் பேசியமையால், அரங்கில் திரண்டிருந்த ஏறத்தாழ ஒரு லட்சம் மக்களுள் மிகப் பலர் இந்தியர்மேல் சினங்கொண்டிருந்தனர். கூச்சலால் அரங்கம் அதிர்ந்தது. ஒருவர் கூவுவது மற்றவர் காதில் விழாத இடத்தில், சொல்லாமலே தம் நிலை அறிந்து ஆடுதல் அன்றி வேறு வழியில்லை. அரையிறுதியில் பர்மன் நன்கு ஆடியிருந்தும், கொரியர் உயர்ந்த பந்துகளை அனுப்புவர் என்பதால் நெடிய உருவுடைய தங்கராஜே மீண்டும் காவல் நின்றார்.

17ஆம் நிமிடத்தில் பானர்ஜி முதற்கோலை அடித்தார். மூன்று நிமிடம் சென்றதும் ஜர்னைல் சிங் இரண்டாம் கோலை அடித்தார். அதன்பின் ஏறத்தாழ அறுபத்தைந்து நிமிடம் இந்தியப் பின்களத்தார் இடம்பெயராது கொரியரைத் தடுத்து நின்றனர். 85ஆம் நிமிடத்தில் கொரியா ஒரு கோல் அடித்தது. மற்றொன்று அடிக்கத் தங்கராஜ் இடங்கொடுக்கவில்லை. இந்தியா 2–1 என வென்று தங்கப் பதக்கம் பெற்றது.

ரகீம் அப்பொழுதே நோயுற்றிருந்தார். 1963ஆம் ஆண்டு சூன் திங்களில் புற்றுநோயால் மறைந்தார். இறுதியாட்டத்தில் கோல் அடித்த ஜர்னைல் சிங், காயம் ஆறியபின், தமக்குரிய நடுப் பின்களத்துக்கே திரும்பினார். பின்னர் இந்திய அணியின் தலைவராகி அவ்விடத்திலிருந்தே அதனை நடத்தினார்.